மகன் பழகிவிட்டான், மகள் ஏன் மறைந்து நிற்கிறாள்?

பாலக்கோடு வட்டத்தைச் சேர்ந்த ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு இரட்டைக் குழந்தைகள். ஒரு மகன், ஒரு மகள். வயது இரண்டு ஆண்டு எட்டு மாதம். 34 வாரத்திலேயே பிறந்துவிட்டவர்கள். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை இரவு வந்து, திங்கள் விடியற்காலையில் ராயக்கோட்டை வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார். வீட்டில் மாமனார், மாமியார் இருக்கிறார்கள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, கொல்லைப்புறத்தில் இருக்கிறது. தருமபுரியில் ஒரு மழலையர் பள்ளி, டயப்பர் இல்லாமல் வரும் பிள்ளைகளாக இருந்தால் ஜூன் மாதம் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. அதனால் பொங்கல் முடிந்ததும் இருவருக்கும் ஒரே நாளில் டயப்பரை நிறுத்தி, பிளாஸ்டிக் பாட்டி (குழந்தைகள் உட்கார்ந்து மலம், சிறுநீர் கழிக்கும் சிறு இருக்கை) ஒன்றை வாங்கிப் பழக்கத் தொடங்கியிருக்கிறார்.

மகன் சில வாரங்களில் பழகிவிட்டான். மகள் பாட்டியைப் பார்த்தாலே அழுகிறாள். மலம் வரும் நேரத்தில் பீரோவுக்குப் பின்னால் போய், கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்கிறாள். கூப்பிட்டால் வருவதில்லை. நான்கைந்து நாள் ஒன்றும் போவதில்லை. பிறகு பெரிய, கெட்டியான மலம் அழுகையோடு வருகிறது. ஒருமுறை அதில் இரத்தக் கோடு இருந்திருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் ஜட்டியில் கூழ்போல் கறை படுகிறது. அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணிப் பழங்களை நிறுத்திவிட்டு, மருந்துக் கடையில் சொல்லி ஒரு சிரப்பும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சிறுநீரும் அடிக்கடி உடையிலேயே போய்விடுவதால் மாலை ஐந்து மணிக்குமேல் தண்ணீர் கொடுப்பதில்லை. பால் மட்டும் ஒரு நாளைக்கு நான்கு புட்டி. கடந்த சில வாரங்களாக மகனும் எல்லார் முன்னாலும் நின்றபடியே சிறுநீர் கழிக்கிறான்.

"பொட்டைப் பிள்ளை இப்படி இருக்கலாமா" என்று மாமியார் கடிந்துகொள்கிறார். பக்கத்து வீட்டு மூதாட்டி, சூடு போட்டால் நின்றுவிடும் என்றிருக்கிறார். ஒருநாள் மாமியார் அடுப்பிலிருந்த தோசைக் கரண்டியை எடுத்துக் குழந்தையின் தொடை அருகே காட்டி மிரட்டியிருக்கிறார். "நானும் ஒருமுறை குச்சியால் அடித்துவிட்டேன், டாக்டர். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. என் மகள் அடம் பிடிக்கிறாளா, இல்லை அவளுக்கு ஏதாவது குறை இருக்கிறதா? மகனை மட்டும் பள்ளிக்கு அனுப்பிவிடலாமா?" என்று கேட்டுக் கடிதத்தை முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் அடம் பிடிக்கவில்லை. அவளுக்கு வலிக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால், நாட்பட்ட மலச்சிக்கலும் அதனால் வந்த பயமும்தான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்ல முடியும். கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் எந்த மருத்துவரும் முழுதாகச் சொல்லக் கூடாது. ஆகவே இந்த வாரத்திலேயே குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரிடம் அவளைக் காட்டுங்கள். அதுவரை கழிப்பறைப் பழக்கம் என்ற பேச்சையே அவளிடம் எடுக்காதீர்கள். டயப்பரைத் திரும்பப் போட்டுவிடுங்கள். பழக்கியதெல்லாம் வீணாகிவிடுமே என்று தோன்றும். வீணாகாது. வலி இருக்கும்வரை அவள் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

குறைமாதத்தில் பிறந்ததுதான் காரணமோ என்ற சந்தேகமும் உங்கள் கடிதத்தில் ஓடுகிறது. மகனும் அதே நாளில்தான் பிறந்தான். ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தது இந்த வயதில் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்காது. கர்ப்ப காலத்தில் நீங்கள் செய்த எதுவும் இதற்குக் காரணமில்லை.

ஜட்டியில் படுவது வயிற்றுப்போக்கு அல்ல

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்தச் சிரப். அதை உடனே நிறுத்திவிடுங்கள்.

நடந்திருப்பது இதுதான். ஏதோ ஒரு நாள் மலம் கெட்டியாகிப் போயிருக்கிறது. போகும்போது ஆசனவாயில் சிறு வெடிப்பு உண்டாகி வலித்திருக்கிறது. நீங்கள் பார்த்த இரத்தக் கோடு பெரும்பாலும் அதனால்தான். அடுத்த முறை மலம் வரும் உணர்வு வந்ததும் குழந்தைக்கு அந்த வலி நினைவுக்கு வருகிறது. கால்களைப் பின்னிக்கொண்டு, புட்டத்தை இறுக்கி, அதை உள்ளே தள்ளுகிறாள். பார்க்கிறவர்களுக்கு அவள் முக்குவதுபோலத் தெரியும். உண்மையில் அவள் அடக்குகிறாள். உள்ளே தங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது இன்னும் பெரிதாக, இன்னும் கெட்டியாக ஆகும். மறுபடி வரும்போது இன்னும் வலிக்கும். இன்னும் அடக்குவாள்.

இப்படிப் பல வாரம் போனால் மலக்குடல் விரிந்து, மலம் வந்து நிற்கிறது என்ற உணர்வே மழுங்கிவிடுகிறது. வாய்க்காலில் பெரிய கல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஓரத்தில் கசிந்து வருமே, அதுபோல மேலிருந்து வரும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றி ஒழுகி ஜட்டியில் படுகிறது. அது கசிவது அவளுக்குத் தெரியாது. "ஏன் சொல்லவில்லை" என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை, ஏனென்றால் சொல்வதற்கு அவள் எதையும் உணரவில்லை. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தபோது, ஏற்கெனவே அடைத்திருந்த குடல் இன்னும் இறுகியிருக்கும். பழங்களை நிறுத்தியதும் அதே வேலையைத்தான் செய்திருக்கும்.

சிறுநீர் அடிக்கடி போவதற்கும் இதே விளக்கம் பொருந்துகிறது. மலத்தால் நிரம்பிய குடல், அதன் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும். பையில் இடம் குறைந்துபோகிறது. முழுவதும் காலியாகவும் முடிவதில்லை. இப்படித் தேங்கும் சிறுநீரில் கிருமித் தொற்று வருவது பெண் குழந்தைகளிடம் அதிகம். ஆகவே மருத்துவரிடம் போகும்போது சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். கழுவிவிடும்போது கை எப்போதும் முன்னிருந்து பின்னாகப் போக வேண்டும். இதை மாமியாருக்கும் சொல்லிவையுங்கள்.

மருந்து எப்படி, எத்தனை நாள்

முதலில் தேங்கியிருக்கும் மலத்தை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியையோ லாக்டுலோஸ் என்ற சிரப்பையோ மருத்துவர் எடைக்கேற்ற அளவில் எழுதித் தருவார். முதல் சில நாட்கள் கசிவு அதிகமாகும். பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அடைப்பு நீங்கிய பிறகு அளவைக் குறைத்து, தினமும் ஒருமுறை இளகிய மலம் போகும்படி தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் தவறு நடக்கிறது. ஒரு வாரம் நன்றாகப் போனதும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த மாதமே பழைய நிலை திரும்பிவிடுகிறது. விரிந்த குடல் சுருங்கிப் பழைய நிலைக்கு வரவும், வலிக்காது என்ற நம்பிக்கை குழந்தையின் மனதில் ஊன்றவும் காலம் வேண்டும். குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். தொந்தரவு எதுவுமில்லாமல் ஒரு மாதமாவது கழிந்த பிறகே மெதுவாகக் குறைக்க வேண்டும். கழிப்பறைப் பழக்கம் முழுதாக வந்த பிறகு நிறுத்துவதே இந்த வயதில் சரியான முறை. "பழகிவிடும், பிறகு மருந்தில்லாமல் போகாது" என்று யாராவது சொல்வார்கள். இந்த இரண்டு மருந்துகளும் குடலில் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குபவை. இவற்றுக்குக் குடல் அடிமையாவதில்லை.

சோப்புத் துண்டு வைப்பது, வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் செருகுவது ஆகிய இரண்டையும் நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்தில் யாராவது கட்டாயம் யோசனை சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். ஏற்கெனவே வெடித்திருக்கும் இடத்தில் சோப்பு எரியும். காம்பு குத்தும். அந்த இடத்தை யாரும் தொடக் கூடாது என்ற பயம் இன்னும் வலுக்கும். மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டுவதும் கூடாது. அழும் குழந்தைக்குப் புகட்டும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் அழற்சியை உண்டாக்கும். அப்படிப்பட்ட நுரையீரல் அழற்சி எளிதில் ஆறாது.

தண்ணீர், பால், களி

தண்ணீரைக் குறைத்தால் உடை நனையாது என்பது எல்லாருக்கும் தோன்றும் கணக்குதான். ஆனால் தண்ணீர் குறைந்தால் மலம் இறுகுகிறது. சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்துகிறது. அதனால் இன்னும் அடிக்கடி சிறுநீர் வருகிறது. பகல் முழுவதும் சிறு டம்ளரில் பலமுறை கொடுங்கள். மாலையிலும் கொடுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் வயிறு நிறையக் குடிக்க வைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

எந்தத் தண்ணீர் என்பதையும் பாருங்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். பிற்காலத்தில் முளைக்கப்போகும் நிலைப்பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது இது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள். போர்த் தண்ணீர் துவைக்கவும் கழுவவும் இருக்கட்டும்.

பால் நான்கு புட்டி என்பது அதிகம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். அதையும் டம்ளரில் கொடுங்கள். பாலால் வயிறு நிறைந்த குழந்தை சோறும் காய்கறியும் தின்னாது. மலச்சிக்கல் வருவதோடு இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகையும் வரும். மருத்துவர் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்வார்.

சாப்பாட்டுக்கு நீங்கள் வெளியே தேட வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் இந்தக் குழந்தைக்கு நல்ல உணவு. நார்ச்சத்துள்ள அவரை, தட்டைப்பயறு, கொய்யா, பப்பாளி, பழுத்த வாழை எல்லாம் கொடுக்கலாம். இன்னும் சில வாரங்களில் மாம்பழம் வந்துவிடும், அதையும் தாராளமாகக் கொடுங்கள். உலர்ந்த திராட்சையை இரவில் ஊறவைத்து, காலையில் மசித்து, அந்தத் தண்ணீரோடு கொடுப்பதும் நல்லது. ஆனால் உணவு மட்டும் இப்போதுள்ள அடைப்பைத் தீர்க்காது. களியைக் கொடுத்துவிட்டு மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாமியார் சொல்வதில் உள்ள உண்மை

"என் பிள்ளைகள் எல்லாரும் ஒரு வயதிலேயே பழகிவிட்டார்கள்" என்று உங்கள் மாமியார் சொல்வதை நீங்கள் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தாய்மார்கள் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு இடையே குழந்தையை உட்காரவைத்து, "உஸ்ஸ்" என்று ஒலி எழுப்புவார்கள். குழந்தையின் முகம் மாறுவதைப் பார்த்து நேரத்தைக் கணித்தார்கள். டயப்பர் இல்லாததால் ஈரம் உடனே உறைத்தது. வீட்டில் எப்போதும் ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முக்கியமாக, அந்தப் பழக்கத்தில் அடி இல்லை. குழந்தை தாயின் காலில், தாயின் உடம்பைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவருடைய அந்தத் திறமை உங்களுக்கு இப்போது தேவை. "அத்தை, நீங்கள் எங்களைவிட நன்றாகக் கவனிப்பீர்கள். பாப்பாவுக்கு எப்போது முகம் மாறுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். டாக்டர் ஆசனவாயில் புண் இருக்கிறது என்கிறார், ஆறும்வரை திட்ட வேண்டாம் என்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். பழியைச் சுமத்துவதைவிடப் பொறுப்பைக் கொடுப்பது அவரிடம் பலிக்கும் என்று நம்புகிறேன். முடிந்தால் மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். மருமகள் சொன்னால் ஏறாத சில விஷயங்கள் மருத்துவர் வாயிலிருந்து வந்தால் ஏறும்.

இன்னொன்று. குழந்தையின் மலத்தைக் குப்பைமேட்டில் கொட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். பால்குடி மறக்காத பிள்ளையின் மலம் கெடுதல் செய்யாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. பெரியவர்களின் மலத்தில் உள்ள கிருமிகளும் புழு முட்டைகளும் அதிலும் உண்டு. டயப்பரில் இருப்பதையும் பாட்டியில் இருப்பதையும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இரவில் ஆசனவாயைச் சொறிகிறாள் என்றால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு மாத்திரையை இருவருக்கும் தவறாமல் வாங்கிக் கொடுங்கள்.

இருவரும் ஒரே நாளில் பழக வேண்டியதில்லை

இரட்டையர் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். தனியாளாக இருவரை வளர்ப்பவருக்கு அது இயல்பான எண்ணம். ஆனால் அவர்கள் ஒரே நாளில் நடக்கவில்லை, ஒரே நாளில் பேசவில்லை. பொதுவாகப் பெண் குழந்தைகள் சற்று முன்னதாகப் பழகுவார்கள். உங்கள் வீட்டில் மாறி நடந்திருப்பதே மகளுக்கு உடம்பில் ஏதோ தடை இருக்கிறது என்பதற்கு ஒரு குறிப்பு. அதை "பொட்டைப் பிள்ளைக்கு வெட்கம் வேண்டாமா" என்று திருப்பிவிட்டார்கள். இரண்டரை வயதுக் குழந்தைக்கு வெட்கத்தைக் கற்பித்தால் அவள் பீரோவுக்குப் பின்னால்தான் போவாள். மறைந்து நிற்பது அவள் கண்டுபிடித்த ஒரே பாதுகாப்பு.

"அண்ணனைப் பார்" என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அவன் பாட்டியில் உட்காருவதை அவள் தானாகப் பார்க்கட்டும், அது நல்லதுதான். ஆனால் அவனுக்கு லட்டு கொடுத்துவிட்டு அவளைப் பார்க்க வைப்பதை நிறுத்துங்கள். மகன் பழகிய பிறகு மறுபடி நனைப்பதற்கும் இதுவே காரணம். வீட்டிலுள்ள எல்லாருடைய கண்ணும் தங்கையின் ஜட்டிமீது இருக்கிறது என்பதை அவன் புரிந்துகொண்டுவிட்டான். அவனைத் திட்டாமல், பேசாமல் உடையை மாற்றிவிட்டு, நனைக்காத நேரத்தில் அவனோடு மட்டும் சற்று நேரம் இருங்கள். சரியாகிவிடும்.

மகளுக்கு மலம் இளகி, இரண்டு மூன்று வாரம் அழாமல் போன பிறகு மெதுவாகத் தொடங்கலாம். முதலில் அவள் டயப்பரிலேயே, நின்றபடியே போகட்டும். பிறகு டயப்பரோடு, கழிப்பறைக்கு அருகில். பிறகு டயப்பரோடு பாட்டியில் உட்கார்ந்து. கடைசியாகத்தான் டயப்பர் இல்லாமல். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு அவளே நகர வேண்டும். ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

அவளுக்கென்று தனி பாட்டி வாங்குங்கள். நிறத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். இருவருக்கும் ஒன்றே என்றால் சண்டையும் அவசரமும்தான் மிஞ்சும். கொல்லைக் கழிப்பறையின் குழி இந்த வயதுக் கால்களுக்கு அகலம் அதிகம். விழுந்துவிடுவோம் என்ற பயம் நியாயமானது. பாட்டியைத் திண்ணையிலோ வீட்டுக்குள் ஒரு மூலையிலோ வையுங்கள். உட்காரும்போது இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருந்தால் மலம் எளிதாக வரும். காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு குடல் தானாக அசையும், அந்த நேரம் பார்த்து மூன்று முதல் ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும். வராவிட்டால் எழுப்பிவிடுங்கள். கையில் செல்போன் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைப்பதில் பயனில்லை. சிறுநீருக்கு, பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை "வருகிறதா" என்று கேட்காமல், "வா, போய்விட்டு வரலாம்" என்று அழைத்துச் செல்லுங்கள். கேட்டால் இந்த வயதில் பதில் "இல்லை" என்றுதான் வரும்.

இரவு என்பது வேறு கதை. தூக்கத்தில் சிறுநீரை அடக்குவது பழக்கத்தால் வருவதில்லை, உடல் வளர்ச்சியால் வருவது. ஐந்து வயதுவரை படுக்கை நனைவதை நோயாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரவு டயப்பர் இருவருக்கும் இருக்கட்டும்.

கரண்டியைப் பற்றி

இதை நான் மென்மையாகச் சொல்லப் போவதில்லை. சூடு வைத்து எந்தக் குழந்தையின் சிறுநீரும் மலமும் நின்றதில்லை. அந்தத் தோல் இந்த வயதில் மெல்லியது. நொடி நேரம் பட்டாலும் ஆழமாக வெந்துபோகும். தழும்பு வாழ்நாள் முழுவதும் இருக்கும். மிரட்டல்தானே என்று விட்டுவிடாதீர்கள். காய்ந்த கரண்டியும் திமிறும் குழந்தையும் ஒரே இடத்தில் இருந்தால் விபத்துக்கு நொடி போதும். அதோடு, ஏற்கெனவே பயத்தால் மலத்தை அடக்கும் குழந்தைக்கு அந்த மிரட்டல் இன்னும் இறுக்கமாக அடக்கவே கற்றுத் தருகிறது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 75-ஆம் பிரிவின்படி, தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கி, உடலுக்கோ மனதுக்கோ தேவையற்ற துன்பம் உண்டாக்குபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அப்பாவைப் பெற்றவர் என்பதால் விலக்கு இல்லை. உங்கள் மாமியாரை நீதிமன்றத்துக்கு இழுக்க இதைச் சொல்லவில்லை. "கண்டித்து வளர்ப்பது எங்கள் உரிமை" என்று யாராவது பேசினால், அப்படியொரு உரிமை இல்லை என்று நீங்கள் தைரியமாகச் சொல்வதற்காகச் சொல்கிறேன். மிரட்டல் தொடர்ந்தால், உங்களால் தடுக்க முடியவில்லை என்றால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, எந்த நேரமும் பேசலாம். பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் இனி இந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள்.

நீங்கள் அடித்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வாரத்தில் ஆறு நாள் இரண்டு குழந்தைகளைத் தனியே துடைத்து, துவைத்து, தூங்க வைத்து, கூடவே வீட்டு வேலையும் பார்க்கிறீர்கள். கை ஓங்கிய நிமிடத்தின் களைப்பு எனக்குப் புரிகிறது. மறுபடி அப்படித் தோன்றினால் குழந்தையை மாமனாரிடம் விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுங்கள். ஈர ஜட்டி பத்து நிமிடம் காத்திருக்கும். அவளை மடியில் வைத்து, "அம்மா அடித்தது தப்பு, இனி அடிக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். அவளுக்குப் புரியும்.

உங்கள் கணவருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மகளின் டயப்பர், மருந்து, பாட்டி எல்லாம் அவர் கையில் இருக்கட்டும். மருந்து தீர்ந்துபோகாமல் வாங்கி வைப்பதும் அவர் பொறுப்பு. கரண்டிப் பேச்சை அவருடைய அம்மாவிடம் நேரடியாக நிறுத்த வேண்டியவரும் அவர்தான். அந்தச் சுமையை மருமகளின் தலையில் வைக்கக் கூடாது.

ஜூன் மாதப் பள்ளி

மகனை மட்டும் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரட்டையரைப் பிரித்து அனுப்புவதில் தவறில்லை. ஆனால் கழிப்பறையைக் காரணமாகக் காட்டிப் பிரிக்காதீர்கள். "நீ ஜட்டியில் போகிறாய், அதனால் உனக்குப் பள்ளி இல்லை" என்பது இரண்டரை வயதுக்கு மிகப் பெரிய தண்டனை. முதலில் பள்ளியில் பேசிப் பாருங்கள். மருத்துவரின் கடிதத்தைக் காட்டி, சிகிச்சை நடக்கிறது, மாற்று உடை கொடுத்தனுப்புகிறோம், சில மாதம் டயப்பரோடு வரட்டும் என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் நல்லது. ஆனால் அங்கே நனைத்தால் திட்டுவார்கள், வகுப்பு முன்னால் நிறுத்துவார்கள் என்று தெரிந்தால், அந்தப் பள்ளி இருவருக்குமே வேண்டாம்.

இந்த ஆண்டு சேர்க்காவிட்டால் எந்த வாய்ப்பும் கைநழுவிப் போய்விடாது. எல்கேஜி சேர்க்கைக்கே இன்னும் காலம் இருக்கிறது. இடையில் இருவரையும் உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு அனுப்பலாம். வீட்டுக்கு அருகில் இருப்பதால் மாற்று உடையோடு நீங்கள் ஓடிப் போய்விடலாம். நீங்கள் ஓசூரில் வேலைக்குப் போக நினைத்திருப்பதும் தெரிகிறது. அந்த எண்ணத்தை விட வேண்டாம். ஆனால் சேரும் தேதியை ஜூனோடு கட்டாமல், மகளின் சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். ஜூன் என்ற அவசரம்தான் பொங்கலிலிருந்து இந்த வீட்டை விரட்டிக்கொண்டிருக்கிறது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

பிறந்த முதல் இரண்டு நாளுக்குள் கருமலம் போனதா என்பதை மருத்துவமனைச் சீட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது தாமதமாகியிருந்தால் வேறு சோதனை தேவைப்படும். வயிறு உப்பி வாந்தி எடுத்தால், பச்சை நிறத்தில் வாந்தி வந்தால், எடை கூடாமல் நின்றுவிட்டால், கால்களில் பலம் குறைந்து நடை மாறினால், முதுகின் அடியில் குழியோ மயிர்க்கற்றையோ இருந்தால், காய்ச்சலோடு சிறுநீர் கழிக்கும்போது அழுதால், எதையும் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் கழித்து முடித்த உடனேயும் எந்நேரமும் சொட்டிக்கொண்டே, ஈரம் காயாமல் இருக்கிறாளா என்றும் ஒரு நாள் முழுவதும் கவனியுங்கள். அப்படி இருந்தால் சிறுநீர்க்குழாய் அமைப்பில் குறை இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

பாலக்கோட்டிலேயே காட்டலாம். அங்கே குழந்தைகள் நல மருத்துவர் கிடைக்காவிட்டால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அந்தச் சிரப் புட்டியையும், எத்தனை நாளுக்கு ஒருமுறை எப்படிப்பட்ட மலம் போனது என்று எழுதிய தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மகனையும் கூட்டிப் போங்கள், அவனுடைய எடையையும் பார்த்துவிடலாம்.